பால் கட்டியிருக்கும்போது மல்லிகைப்பூ வேண்டாம்

கேள்வி: தலைப்பிரசவம் முடிந்து தங்கச்சிமடத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். இன்று நான்காம் நாள். நேற்றிரவிலிருந்து இரண்டு மார்பும் கல்லாகிவிட்டன. குழந்தை வாய் வைத்தால் வழுக்குகிறது, அழுகிறது. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் இளகும் என்கிறார் அப்பத்தா. கட்டலாமா?

பதில்: கட்டவே வேண்டாம். மல்லிகை நாற்றுக்குப் பேர்போன உங்கள் ஊரில் பூவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது பாலை வற்றவைக்கக் கட்டும் பூ. குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்குக் கட்டுவார்கள். பால் நிறுத்தும் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988-இல் வெளியான ஆய்வும், மல்லிகைப்பூ பால் சுரப்பைக் குறைக்கிறது என்றே சொன்னது. அப்பத்தா உங்கள் வலி பொறுக்காமல் சொல்கிறார். விஷயத்தை அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் சீம்பால் மாறிப் பால் பெருகும். மார்புக்கு ரத்த ஓட்டம் கூடி, நீரும் கோத்துக்கொள்ளும். உங்கள் கைக்குத் தட்டுப்படும் கல்லில் பாலோடு இந்த வீக்கமும் இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் விறைத்து நிற்பதால் பிள்ளைக்குப் பிடி கிடைக்கவில்லை.

முதலில் அதை இளக்குங்கள். நகம் வெட்டி, கை கழுவி, காம்பை ஒட்டிச் சுற்றிலும் விரல் நுனிகளை வையுங்கள். நெஞ்சை நோக்கி மெதுவாக அழுத்தி, அறுபது எண்ணும்வரை எடுக்காதீர்கள். எடுத்ததும் சிறு குழிகள் தெரியும். விரல்களை இடம் மாற்றி மறுபடி அழுத்துங்கள். வலிக்கும்படி அழுத்தக் கூடாது. பிறகு கொஞ்சம் பீய்ச்சிவிட்டால் கருவளையம் காது மடல்போல் மெத்தென்று ஆகும். அந்த நேரத்தில் பிள்ளையை வையுங்கள். காம்போடு கருவளையமும் வாய்க்குள் போக வேண்டும்.

இரவு பகலாக 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை கொடுங்கள், தூங்கினால் எழுப்பியாவது. பிறந்த பிள்ளை நாக்கில் தொட்டு வைக்கும் சேனை, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். அதில் வயிறு நிறைந்த பிள்ளை மார்பைத் தேடாது, பால் தேங்கிவிடும்.

வெந்நீர் ஒத்தடம் பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு ஓரிரு நிமிடம் போதும். நீண்டால் வீக்கம் ஏறும். கொடுத்த பின் 10, 15 நிமிடம் குளிர் ஒத்தடம். மீன் பெட்டி ஐஸை எடுக்காதீர்கள், அது சுத்தமானதல்ல. ஃபிரிட்ஜில் உறையவைத்ததைத் துணியில் சுற்றி வையுங்கள். இடையில் வலி தாங்காவிட்டால் இறுக்கம் தணியும் அளவு மட்டும் பீய்ச்சுங்கள். ஒட்டக் கறந்தால் இன்னும் சுரக்கும். பால் ஊறட்டும் என்று கொடுக்கும் பால்சுறாப் புட்டு பிடித்தால் சாப்பிடுங்கள். பால் ஊறவில்லையே என்ற கவலை இப்போது உங்களுக்கு இல்லை.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, மார்பில் ஓரிடம் சிவந்து சுட்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.