பழங்கறி இல்லாத மாட்டுப்பொங்கல்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு, வணக்கம்.

எனக்கு 64 வயது. பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 1983இல் திருமணமாகி இந்த வீட்டுக்கு வந்தேன். அதற்கடுத்த தை முதல் 2024ஆம் ஆண்டுத் தை வரை, மாமனாரும் மாமியாரும் மறைந்த இரண்டு ஆண்டுகளைத் தவிர்த்து, 39 பொங்கல்களுக்கு இந்த வீட்டில் அடுப்பு மூட்டியிருக்கிறேன். 2024 நவம்பரில் என் கணவர் காலமானார். துக்க ஆண்டு என்பதால் 2025இல் பண்டிகை இல்லை. ஆகவே இந்த ஆண்டுப் பொங்கல்தான் அவர் இல்லாமல் நாங்கள் கொண்டாடிய முதல் பொங்கல்.

எங்கள் பக்கத்துப் பொங்கல் இலையைப் பற்றிச் சொன்னால்தான் என் வருத்தம் விளங்கும். விடியுமுன் வாசலில், காவியும் சுண்ணாம்பும் பூசிய பொங்கல் கட்டிகளின் மேல் பானையை ஏற்றி, பனையோலையை எரித்துப் பாலைப் பொங்க விடுவோம். பால் பொங்கலும் சர்க்கரைப் பொங்கலும் வாசலிலேயே முடிந்துவிடும். இடிசாம்பார், அவியல், சேனை, சேம்பு, சிறுகிழங்கு, வாழைக்காய், மொச்சை, அவரைக்காய் என்று மற்றவையெல்லாம் அடுக்களையில் ஆகும். போகிக்கு முந்தைய நாளே என் கணவர் நயினார்குளம் சந்தைக்குப் போய்க் கிழங்கு வகைகளைப் பொறுக்கிக்கொண்டு வருவார். சிறுகிழங்கைக் கத்தியால் சீவினால் பாதி தோலோடு போய்விடும் என்பதால், ஊற வைத்துச் சாக்கில் கட்டித் திண்ணையில் உட்கார்ந்து அவரே தேய்த்துக் கொடுப்பார். விரலெல்லாம் கறுத்துப் போய், அந்தக் கறை காணும் பொங்கல் வரை இருக்கும்.

மாட்டுப்பொங்கலன்று, மீந்த சாம்பார், அவியல், பொரியல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிச் சிறு தீயில் சுண்ட வைத்தால் பழங்கறி. முதல் நாள் தண்ணீர் ஊற்றி வைத்த பால் பொங்கலைப் பிசைந்து அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவோம். தை முதல் நாள் சமைப்பதே மறுநாள் பழங்கறிக்காகத்தான் என்று அவர் கேலி செய்வார்.

இந்த ஆண்டு என் மூத்த மருமகள், "அத்தை, நீங்கள் தனியாகச் சிரமப்பட வேண்டாம். பொங்கலை மட்டும் வாசலில் வைப்போம், மற்றதைச் சமையல்காரரிடம் சொல்லிவிடலாம்" என்றாள். பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண், கெட்டிக்காரி, சென்னையில் வேலை பார்க்கிறாள். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் மனம் கேட்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் சந்தைக்குப் போய்க் கிழங்கு வாங்கி வந்து, இரவு இரண்டு மணிக்கு எழுந்து அத்தனையும் சமைத்தேன். பதினொரு மணிக்கு வெளிச் சாப்பாடும் வந்து இறங்கியது. இலையில் எது என் சமையல், எது வந்த சமையல் என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியவனுக்குச் சர்க்கரை நோய், கிழங்கு வேண்டாம் என்றான். சின்னவன் பெங்களூருக்குப் பேருந்து பதிவு செய்வதில் இருந்தான்.

பிற்பகலில் அசந்து தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. மீந்ததையெல்லாம் மருமகள் பக்கத்துக் கட்டட வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாளாம். மறுநாள் காலையில் 11 வயதுப் பேத்தி, "ஆச்சி, பழங்கறி எங்கே?" என்று கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்கள் தாத்தா போனதோடு இந்த வீட்டில் எல்லாம் போயிற்று, உங்கள் அம்மா கையில் மிச்சமும் போயிற்று" என்று கத்திவிட்டேன். அன்றே கிளம்பிவிட்டார்கள். மகன் வாரம் ஒருமுறை பேசுகிறான், மருமகள் பேசுவதில்லை.

நான் மாற்றத்துக்கு எதிரி அல்ல. வீட்டுக்குள் எரிவாயு அடுப்பைக் கொண்டு வந்ததும் நான்தான். 1992இல் மிக்சி வாங்கி இடிசாம்பாருக்கு உரலில் இடிப்பதை நிறுத்தியதும் நான்தான். மாமியார் அந்த ஆண்டு, "மணம் வரவில்லை" என்று சாம்பாரை இலையில் ஒதுக்கினார், அதையும் பொறுத்துக்கொண்டேன். இனி நான் என்ன செய்வது? அடுத்த தைக்கு அடுப்பே மூட்ட வேண்டாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

ஆலோசகர் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது மாமியார் மருமகள் பிணக்கு என்றே நினைத்தேன். இரண்டாம் முறை படித்தபோது, சாக்கில் கட்டித் தேய்த்த அந்தச் சிறுகிழங்கில் வந்து நின்றுவிட்டேன். இந்த ஆண்டு அதைத் தேய்த்தது யார் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை, நீங்கள்தான். 39 பொங்கல்களாக இரண்டு பேர் பகிர்ந்து செய்த வேலையை, சந்தைக்குப் போவது முதல் தோல் எடுப்பது வரை, 64 வயதில் ஒருவராக, யாருக்கும் தெரியாமல், அதுவும் நள்ளிரவில் செய்திருக்கிறீர்கள். அடுக்களையை மருமகள் பறித்துக்கொண்டதாக உங்களுக்குத் தோன்றுகிறது. எனக்கோ, அந்த வீட்டில் காலியாகிக் கிடந்த இடம் அடுக்களை அல்ல, திண்ணை என்று தோன்றுகிறது. அதில் யார் உட்காருவது என்று யாரும் பேசவில்லை. பேசாததால் நீங்களே இரண்டு இடத்திலும் இருக்கப் பார்த்தீர்கள்.

துக்க ஆண்டில் பண்டிகையை நிறுத்தி வைக்கும் நம் வழக்கத்துக்கு ஆழ்ந்த பொருள் உண்டு. இழந்தவர்களைச் சிரித்துக்கொண்டு நிற்கக் கட்டாயப்படுத்தாத வழக்கம் அது. ஆனால் அதற்கு ஒரு பக்க விளைவும் உண்டு. ஆண்டுதோறும் சுழன்ற ஒன்று ஓராண்டு நின்றுவிட்டால், மறுபடி தொடங்கும்போது அவரவர் வெவ்வேறு இடத்திலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் 2024 தையிலிருந்து, அதாவது அவர் கறுத்த விரல்களோடு பந்தியில் உட்கார்ந்திருந்த நாளிலிருந்து தொடர்ந்தீர்கள். உங்கள் பிள்ளைகள், பொங்கலே இல்லாமல் கழிந்த 2025 தையிலிருந்து தொடர்ந்தார்கள். அந்த வெறுமையோடு ஒப்பிட்டால் வாசலில் பால் பொங்கியதே அவர்களுக்கு நிறைவு. குடும்பச் சடங்குகளை வைத்துச் சிகிச்சை அளித்த இவான் இம்பர்-பிளாக், ஜேனைன் ராபர்ட்ஸ் ஆகியோர், இழப்பால் இடையில் அறுந்த சடங்கை ஒரு தனி வகையாகவே குறிப்பிட்டார்கள். அறுந்த இடத்தைப் பற்றிப் பேசாமல் நேராக முடிச்சுப் போட முயன்றால் இழுபறி வரத்தான் செய்யும்.

பழங்கறிக்கு வருகிறேன். அடுத்தவர் அடுக்களையில் மீந்ததை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுத்தது உங்கள் மருமகளின் தவறுதான். அதை மழுப்ப நான் விரும்பவில்லை. ஆனாலும் அவர் கண்ணால் அந்தப் பிற்பகலைப் பாருங்கள். அத்தை களைத்துத் தூங்குகிறார். இரண்டு சமையலின் மிச்சம் குவிந்து கிடக்கிறது. கெட்டுப்போகுமுன் பசித்தவர்களுக்குப் போகட்டும், எழும்போது அடுக்களை சுத்தமாக இருக்கட்டும். அது ஒரு நல்ல மருமகளின் வேலை என்றே அவர் நினைத்திருப்பார்.

குடும்ப வழக்கங்களைப் பற்றிய ஐம்பதாண்டு ஆய்வுகளை 2002இல் தொகுத்துப் பார்த்த பார்பரா ஃபீஸ் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும், அன்றாடப் பழக்கத்தையும் சடங்கையும் பிரித்துக் காட்டினார்கள். பழக்கம் என்பது செய்து முடித்தால் மறந்துவிடுவது. சடங்கு முடிந்த பிறகும் மனத்தில் தங்கி, நாம் யார் என்று சொல்லிக்கொண்டிருப்பது. சிக்கல் என்னவென்றால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கல்யாண வீட்டு மறுநாள் சுண்டக்குழம்பின் ருசி அறிந்த எவருக்கும் உங்கள் இழப்பு புரியும். ஆனால் பொங்கலின் உச்சமே மறுநாள் காலைச் சட்டிதான் என்று உங்கள் வீட்டில் யாராவது அந்தப் பெண்ணிடம் எப்போதாவது சொன்னதுண்டா? மகனுக்குத் தெரியும், பேத்திக்குத் தெரியும். பாத்திரம் கழுவும்போது மகன் எங்கே இருந்தார்? உங்கள் கடிதத்தில் மகன்கள் இருவரும் இலை முன் ஒரு வரி வந்துவிட்டு மறைந்துவிடுகிறார்கள். தகப்பனாரின் பொங்கலைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு, அவரோடு வளராத ஒருத்தியின் தலையில் மட்டும் எப்படி விழுந்தது என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

அவர் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கொங்கு நாட்டில் மாடு வைத்திருக்கும் குடும்பங்களுக்குத் தை முதல் நாளைவிட மாட்டுப்பொங்கல்தான் பெரிது. போகியன்று வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டுவார்கள். மறுநாளுக்கு மறுநாள் பட்டியில் பொங்கல் வைத்து, சிறியதாகத் தெப்பக்குளம் கட்டி மாடுகளை அதில் மிதிக்க விடுவார்கள். நீங்கள் பழங்கறிச் சட்டியைத் தேடிய அந்தக் காலையில், அவர் மனத்தில் அவருடைய பட்டி இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, கேட்டால்தானே தெரியும். திருமணமான நாள் முதல் தன் வீட்டுப் பொங்கலை விட்டுவிட்டு உங்கள் இலையில் உட்கார்ந்தவர், தான் விட்டது எது என்று சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்ததா?

மிக்சியைப் பற்றி நீங்கள் எழுதியதை உங்களுக்கு எதிரான சாட்சியமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 1992இல் நீங்கள் வேலைக்கும் போய்க்கொண்டு, பண்டிகையும் சமைத்த பெண், மிக்சி நியாயம். மாமியார் இலையில் சாம்பாரை ஒதுக்கியதும் நியாயமே. உரலின் ஓசையோடு அந்த வீட்டில் அவருக்கு இருந்த ஒரு பதவி போயிருக்கும். அதைச் சொல்ல அவருக்கு "மணம் வரவில்லை" என்ற இரண்டு சொற்கள்தான் கிடைத்தன. உங்களுக்குக் கிடைத்த சொற்கள் அதைவிடக் கடுமையாகிவிட்டன, அவ்வளவுதான். அவையும் ஒரு குழந்தையின் முன்னால், அவள் தாயைப் பற்றி. இதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

மருமகளிடம் நீங்களே பேசுங்கள். மகன் வழியாகத் தூது வேண்டாம். அந்தப் பேச்சில் அவர் கொடுத்துவிட்டதைப் பற்றிக் கணக்குக் கேட்காதீர்கள். "அன்று நான் சொன்னது தவறு. பழங்கறி என்றால் எனக்கு என்ன என்று உன்னிடம் நான் சொன்னதே இல்லை" என்று தொடங்கி, உங்கள் கணவரின் கறுத்த விரலைப் பற்றிச் சொல்லுங்கள். பிறகு பட்டிப் பொங்கலைப் பற்றிக் கேளுங்கள். உடனே பதில் இளகி வராவிட்டால் பதற வேண்டாம். புண்பட்டவருக்கும் நாள் வேண்டும்.

அடுத்த தைக்கு அடுப்பு மூட்டுங்கள், ஆனால் பட்டியலைச் சுருக்குங்கள். சர்க்கரை நோயுள்ள மகன் கிழங்கைத் தள்ளுவது தகப்பனாரைத் தள்ளுவது ஆகாது. அவருக்கு அவரைக்காயும் மொச்சையும் கூடுதலாக வையுங்கள். எந்த இரண்டு கறி இல்லாவிட்டால் அது உங்கள் வீட்டுப் பொங்கலே ஆகாது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அவை உங்கள் கையால் ஆகட்டும். மற்றவை வெளியிலிருந்து வந்தாலும், மருமகள் தன் ஊர்ப் பக்குவத்தில் செய்தாலும், இலையில் இடம் உண்டு. சந்தைக்குப் போவதும் சிறுகிழங்கு தேய்ப்பதும் இனி மகன்களின் வேலை. வர முடியாத ஆண்டில் அந்தக் கிழங்கு இல்லாமலே பொங்கட்டும். அந்த இடத்தையும் நீங்களே நிரப்பாதீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். துணையை இழந்தவர்களின் மனம் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய் வரும் என்று மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் ஆகிய ஆய்வாளர்கள் 1999இல் விளக்கினார்கள். பண்டிகை நாளில் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவது அதனால் இயல்பானதே. ஆனால் பண்டிகை இல்லாத நாட்களிலும் தூக்கம் வராமலோ, சாப்பாட்டில் விருப்பம் இல்லாமலோ, எழுந்திருக்கவே மனமில்லாமலோ இருந்தால் தனியாகத் தாங்க வேண்டாம். உங்கள் ஊர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

நீங்கள் அடுத்த தை வரை காத்திருக்கவும் தேவையில்லை. சந்தையில் சிறுகிழங்கு வரத்து நிற்பதற்குள், ஒரு சனிக்கிழமை பேத்தியையும் அவள் அம்மாவையும் வரச் சொல்லுங்கள். சாக்கை எடுத்துத் திண்ணையில் போட்டு, எப்படித் தேய்ப்பது என்று அந்தக் குழந்தைக்குக் காட்டுங்கள். விரல் கறுத்தால் கறுக்கட்டும், திங்கட்கிழமை பள்ளியில் யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கும். சாம்பாரும் அவியலும் பொரியலும் மட்டும் போதும். கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலைக்கு வேண்டும். அந்தச் சட்டியை அடுப்பில் ஏற்றும்போது மருமகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.