வீட்டுப் பண்ணை: கேள்வி பதில்

கேள்வி: பங்குனியில் 30 கோழிக்குஞ்சு வாங்கினோம். எல்இடி பல்ப் போட்டு, செய்தித்தாள் விரித்த பெட்டியில் வைத்தோம். விடியும்போது மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன, 6 செத்துவிட்டன. தீவனத்தில் கோளாறா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தீவனம் காரணமில்லை, அம்மா. குளிர்தான். எல்இடி வெளிச்சம் தரும், சூடு தராது. சாயங்கால மழைக்குப் பிறகு குஞ்சுகள் நெருங்கி, அடியில் இருப்பவை மூச்சுத் திணறிச் சாகின்றன. 100 வாட் குண்டு பல்பை, குஞ்சுகளுக்கு எட்டாமல், ஒரு முழ உயரத்தில் சங்கிலியால் தொங்கவிடுங்கள். வயரில் வேண்டாம், அறுந்தால் கீழே விரிக்கும் உமி தீப்பிடிக்கும். முதல் வாரம் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 32 முதல் 35 டிகிரி வேண்டும், பிறகு வாரம் 3 டிகிரி குறையுங்கள். தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும்: பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரம் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு, பரவிப் படுத்தால் சரி.

மூலைகளை அட்டையால் வளைத்து மூடுங்கள். செய்தித்தாள் வழுக்கிக் கால் விரிந்துபோகும். 5 சென்டிமீட்டர் நெல் உமி பரப்புங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டால் குஞ்சு மூழ்காது.

உமி நனைந்தால் அன்றே மாற்றுங்கள். ஈரத்தில்தான் ரத்தக் கழிச்சல் பரவும், பெரும்பாலும் மூன்றாம் வாரத்துக்குப் பின். எச்சத்தில் ரத்தம் கண்டால் அந்தக் குஞ்சைப் பிரித்து, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் ஆம்ப்ரோலியம் என்ற மருந்து பற்றிக் கேளுங்கள்.