சுயதணிக்கை என்றால் என்ன? சர்ச்சைக்குரியதை எழுத ஏன் தயங்குகிறார்கள்?

யாரும் தடை போடாமலே, வம்பு வரும் என்று அஞ்சி எழுத்தாளர் தன் வரியைத் தானே வெட்டிக்கொள்வதுதான் சுயதணிக்கை.

எது பிரச்சினையாகும் என்பதற்கு எழுதிவைத்த எல்லை கிடையாது. எதிர்ப்பும் எழுதியவரோடு நிற்காமல் வீட்டுக்கும் வேலைக்கும் வந்துவிடுகிறது. மின்வேலியில் ஒருமுறை அடிபட்ட மாடு, மின்சாரம் இல்லாத நாளிலும் வேலிக்குத் தள்ளியே மேயும். அதைப் போலத்தான் இதுவும்.

எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு நடந்ததைப் பாருங்கள். 2010இல் வந்த அவருடைய ‘மாதொருபாகன்’ நாவலுக்கு, நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய பேச்சுவார்த்தையில் மன்னிப்புக் கேட்டு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டார். ‘எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான்’ என்று ஃபேஸ்புக்கில் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி, அவர் மறுபடி எழுத வேண்டும் என்றது. அவரும் எழுத வந்தார். ஆனால் தனக்குள் இப்போது ஒரு தணிக்கையாளன் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் சோதிக்கிறான் என்று வெளிப்படையாகவே சொன்னார். தீர்ப்பால் அகற்ற முடியாத காயம் இது. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

சர்ச்சையான பொருளைத் தொடுகிறவர் யாரையோ சீண்டத்தான் எழுதுகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நாவல் பேசுவதோ, பிள்ளையில்லை என்று ஊரே குத்திக்காட்டும் காளி, பொன்னா தம்பதியின் வேதனையை.