படம் வரைய வராதவர் எம்.டெஸ் படிக்கலாமா?

மெக்கானிக்கல் முடித்து மூன்று வருடமாக பம்ப் கம்பெனியில் வேலை, படம் வராது, போர்ட்ஃபோலியோ (செய்த வடிவமைப்பு வேலைகளின் தொகுப்பு) இல்லை, மனிதரை மையமாகக் கொண்ட வடிவமைப்பில் எம்.டெஸ் (வடிவமைப்பு முதுகலைப் படிப்பு) சேர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும்.

முதலில் எம்.டெஸ் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வான சீட், அதாவது CEED (இருக்கை இல்லை, தேர்வின் பெயரே அதுதான்). நடத்துவது பாம்பே ஐஐடி. வயது வரம்பு கிடையாது, எத்தனை முறையும் எழுதலாம். ஒரு பகுதி கணினியில், இன்னொன்று கையால் வரைந்து எழுதுவது. அங்கே ரவிவர்மா தேவையில்லை. யோசனை புரிகிற கோடு போதும். தினம் அரை மணி நேரம் சமையலறைச் சாமான்களை வரைந்து பாருங்கள், சில மாதங்களில் கை பழகிவிடும்.

போர்ட்ஃபோலியோவுக்கு உங்கள் பம்பே போதுமே! ஸ்டார்ட்டர் பெட்டியை ஒரு விவசாயி ராத்திரி இருட்டில் எப்படி இயக்குகிறார் என்று தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். ஈரக் கை, வாயில் கவ்விய டார்ச், பட்டன் தெரிய அவரே ஒட்டிய டேப் துண்டு. அந்த டேப்தான் உங்கள் முதல் பக்கம். அதைப் படமெடுத்து, ஏன் ஒட்டினீர்கள் என்று கேட்டு, அட்டையில் புதுப் பெட்டிக்கு ஒரு மாதிரி வடிவம் செய்து, திரும்பக் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள். எங்கே தடுமாறினார் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். நான் சேர்ந்தபோது நேர்முகத்தில் நோண்டி நோண்டிக் கேட்டது தோற்றுப்போன மாதிரியைப் பற்றித்தான்.

பாம்பே ஐஐடியில் இன்டராக்‌ஷன் டிசைன் (கருவியோ திரையோ, மனிதர் அதோடு பழகும் விதத்தை வடிவமைப்பது) தனிப் பிரிவாகவே உண்டு. வீட்டுக்குப் பக்கம் வேண்டுமென்றால் எம்.டெஸ் நடத்தும் மத்திய அரசுக் கல்வி நிறுவனமான காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம்மையும் பாருங்கள். கடன் வாங்கி வெளிநாட்டில் படிக்கும் யோசனையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.