ஊசி போட்ட மாட்டின் பால்: காய்ச்சினால் போதுமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கிறோம். பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருக்கும் அம்மாவிடம் பால் வாங்குகிறோம். மாட்டுக்கு மடிநோய் வந்து ஊசி போட்டிருக்கிறார்கள். இரண்டு நாட்களாகத் தயிர் உறையவில்லை. நன்றாகக் காய்ச்சித்தான் குழந்தைகளுக்குக் கொடுக்கிறேன். பயப்பட வேண்டுமா?

பதில்: அந்தப் பாலை இன்றே நிறுத்திவிடுங்கள். பால் பண்ணைகளில் 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கியே நோய்க்கிருமிகளை அழிக்கிறார்கள். உங்கள் அடுப்பில் பொங்கும் பால் அதைவிடச் சூடு. கிருமியைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் மடிநோய்க்கு ஊசியில் போடும் பெனிசிலின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகள் காய்ச்சிய பிறகும் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். இதுவரை குடித்ததற்காகப் பதற வேண்டாம். பெனிசிலின் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு உடலில் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

தயிரை உறைய வைப்பதும் பாக்டீரியாதான். மருந்து அதையும் அடக்கிவிடுகிறது. காலையில் மூடியைத் திறந்தால் பால் பாலாகவே, துளிப் புளிப்பும் இல்லாமல் இருக்கும். ஏற்காட்டுக் குளிரிலும், உறைமோர் பழசானாலும் இப்படி நேர்வதுண்டு. ஆகவே அதே மோரைப் பாக்கெட் பாலிலும் ஊற்றி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பாக்கெட் பால் உறைந்து, ஊசி போட்ட மாட்டின் பால் உறையாவிட்டால் சந்தேகம் வலுக்கிறது. அந்த மாட்டின் பால் உறைந்துவிட்டால் மருந்தே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள்.

எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். மருந்தின் உறையில் அச்சிட்டிருக்கும். கடைசி ஊசியிலிருந்துதான் கணக்கு. வீங்கிய காம்பின் பாலை மட்டும் கொட்டிவிட்டு மற்ற மூன்றையும் கறந்து ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய தவறு. ஊசி மருந்து ரத்தத்தில் கலந்து நான்கு காம்புக்கும் வரும். அந்தப் பாலைக் கன்றுக்கும் ஊட்டக் கூடாது. அதன் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிச் சாணத்தில் இறங்கும். பச்சைச் சாணத்தைக் கொத்தமல்லிப் பாத்தியில் கொட்டினால், ரசத்தில் கடைசியாகத் தூவும் தழையோடு அவை நம் தட்டுக்கே வந்துவிடும். உப்புத் தண்ணீரில் அவை சாகாது. நன்றாக மக்கிய எருதான் பாத்திக்குப் போக வேண்டும். தழையை ஓடும் நீரில் அலசி, கொதிக்கும்போதே போடுங்கள்.

அந்த அம்மாவிடம் கோபப்படாதீர்கள். ஒரு மாட்டை நம்பியிருப்பவருக்கு சில நாள் பாலைக் கொட்டுவது பெரிய அடி. "கடைசி ஊசி என்றைக்குப் போட்டீர்கள்? அந்த நாட்களுக்கும் காசு தந்துவிடுகிறேன், பால் மட்டும் ஊற்ற வேண்டாம்" என்று சொல்லுங்கள். அடுத்த முறை அவரே வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவார்.