டிடிஎஃப் பிரிண்டரில் (படலத்தில் அச்சிட்டுத் துணிக்கு மாற்றும் பிரிண்டர்) வெள்ளை இங்க் மட்டும் அடிக்கடி அடைப்பது ஏன்? எப்படிச் சரிசெய்வது?

வெள்ளை இங்கின் நிறமி டைட்டானியம் டை ஆக்சைடு. மற்ற நிறமிகளைவிடக் கனமானது. இங்க் அசையாமல் நின்றால் டேங்க் அடியிலும் டேம்பரிலும் (பிரிண்ட் ஹெட்டுக்குச் சற்று முன் இங்கை வடிகட்டும் சிறு பெட்டி) படிந்துவிடும். ஆகவே இங்க் சுழற்சியை நிறுத்தாதீர்கள். அந்த வசதி இல்லையென்றால் தினமும் மெதுவாகக் கலக்கிவிடுங்கள். வேகமாகக் குலுக்கினால் காற்றுக்குமிழி புகுந்துவிடும். அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

அடைத்துவிட்டால் முதலில் நாசில் செக் (ஹெட்டின் எந்தத் துளையில் இங்க் வரவில்லை என்று காட்டும் சோதனை அச்சு) இரண்டு மூன்று எடுத்து ஒப்பிடுங்கள். விடுபடும் கோடுகள் ஒவ்வொரு முறையும் இடம் மாறினால் அது பெரும்பாலும் காற்று, அல்லது இங்க் வரத்துக் குறைவு: டேம்பரையும் குழாய் இணைப்பையும் பாருங்கள். ஒரே இடத்தில் விடுபட்டால் காய்ந்த இங்க்.

ஹெட் கிளீனிங்கை (பம்ப் மூலம் ஹெட்டிலிருந்து இங்கை உறிஞ்சிச் சுத்தம் செய்வது) திரும்பத் திரும்பக் கொடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. ஓய்வில் ஹெட்டை மூடும் கேப்பின் ரப்பர் விளிம்பில் மெல்லிய வெள்ளைப் பொருக்கு ஒட்டியிருந்தால் போதும், காற்று கசிந்து பம்ப்பால் உறிஞ்ச முடியாது, இங்க்தான் வீணாகும். நுரைமுனைக் குச்சியைக் கிளீனிங் திரவத்தில் நனைத்து விளிம்பையும், ஹெட்டைத் துடைக்கும் வைப்பரையும் துடையுங்கள். பஞ்சு வேண்டாம், நார் நாசிலில் ஒட்டும். பிறகு கேப்பில் அதே திரவத்தை நிரப்பி, ஹெட்டை அதன்மேல் சில மணி நேரம் ஊறவிட்டு, ஒரே ஒரு கிளீனிங் கொடுங்கள். சிரிஞ்சால் அழுத்தித் தள்ளாதீர்கள். ஹெட்டின் உட்பகுதி சேதமானால் மீட்க வழியில்லை.