பொன்னியின் செல்வனை அறுபதாம் பக்கத்தில் மூடிவிட்டான்: இனி என்ன வாங்கலாம்?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். தமிழ் தடங்கல் இல்லாமல் படிப்பான். ஆறாம் வகுப்பு வரை காமிக்ஸ், சிறுவர் கதை என்று எதையாவது கையில் வைத்துக்கொண்டே இருப்பான். இப்போது பாடப் புத்தகம் தவிர எதையும் தொடுவதில்லை. கிரிக்கெட்டும் திகில் வெப்சீரிஸும்தான் அவன் உலகம். புத்தகக் காட்சியில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களையும் ஒரே தொகுதியாக வாங்கிக் கொடுத்தோம். அறுபது பக்கத்தோடு மூடிவிட்டான். அவன் ரசித்துப் படிக்கிற மாதிரி என்ன நாவல்கள் வாங்கலாம்?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: முதலில் அந்தத் தொகுதியை அலமாரியில் ஏற்றி வைத்துவிடுங்கள். “இவ்வளவு காசு கொடுத்து வாங்கினோமே” என்ற பேச்சு அவன் காதில் விழவே வேண்டாம். இருபது ஆண்டுக்கு மேலாகப் பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பொன்னியின் செல்வனைப் பாதியில் திருப்பிக் கொடுத்த பிள்ளைகள் நிறையப் பேர் ப்ளஸ் ஒன்னில் தாமாகவே வந்து கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். திட்டு வாங்கிய பிள்ளைகள்தான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவன் நிறுத்தியதில் அவன் தப்பு எதுவும் இல்லை. கல்கி அந்த நாவலை 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக எழுதினார். மூன்றரை ஆண்டு காத்திருந்து படித்தவர்களுக்கு ஒவ்வொரு பெயரும் மனதில் ஊற அவகாசம் இருந்தது. ஒரே மூச்சில் படிக்க உட்கார்ந்த உங்கள் மகனுக்கோ வீர நாராயண ஏரி, ஆழ்வார்க்கடியான், கடம்பூர் மாளிகை, பழுவேட்டரையர், நடுநிசிக் கூட்டம் எல்லாம் அடுத்தடுத்து வந்து குவிந்திருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் பலரும் அச்சடிக்கிறார்கள். ஐந்து பாகத்தையும் ஒரே அட்டைக்குள் அடைக்கும் பதிப்புகளில் எழுத்து பொடியாக இருக்கும், புத்தகமும் செங்கல் கனம் கனக்கும். படுத்துக்கொண்டு படிக்க முடியாத புத்தகம் இந்த வயதுப் பிள்ளையிடம் பாதி தோற்றுவிடும். வாங்கும் முன் நடுப்பக்கத்தைத் திறந்து எழுத்தின் அளவைப் பாருங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? “உனக்கு என்ன புத்தகம் பிடிக்கும்?” என்று கேட்டால் தோளைக் குலுக்குவான். “கடைசியாக எந்த சீரிஸை ராத்திரி தூங்காமல் பார்த்தாய், அதில் எந்த இடம்?” என்று கேளுங்கள். பேயா, புதிரா, துரோகமா, எது அவனைக் கட்டிப் போட்டது என்று அந்தப் பதிலில் தெரிந்துவிடும். நாவலை அதை வைத்துத்தான் தேட வேண்டும். நல்ல நாவல் எது என்ற கேள்வியை இரண்டு ஆண்டு தள்ளி வைக்கலாம். இப்போதைக்கு அவன் ஒன்றைக் கடைசிப் பக்கம் வரை முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

திகில் பிடிக்கும் என்கிறீர்கள். அப்படியானால் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. நடப்பது பேயின் வேலையா, அறிவியலின் வேலையா என்று கடைசி வரை வாசகனை இரண்டு பக்கமும் இழுக்கும் கதை. துப்பறியும் வக்கீல்கள் கணேஷ், வசந்த் இருவரும் பேசும் பேச்சே பக்கங்களை ஓட்டிவிடும். பெண்களைப் பற்றி வசந்த் அடிக்கும் கமெண்ட்டுகள் சில இன்று உறுத்தும். அதற்காகப் புத்தகத்தை ஒளித்து வைக்க வேண்டாம். நீங்களும் படித்துவிட்டு, “இந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை, உனக்கு?” என்று கேளுங்கள். பதினான்கு வயதுப் பையனோடு அப்படிப் பேச ஒரு வாய்ப்பு கிடைப்பது பெரிய விஷயம்.

அவருடைய ‘என் இனிய இயந்திரா’ இன்னும் பாதுகாப்பான தொடக்கம். குழந்தை பெற்றுக்கொள்ளக்கூட அரசின் அனுமதி வேண்டும் என்ற ஒரு எதிர்கால நாடு, ஜீவா என்ற சர்வாதிகாரி, நிலா என்ற சாதாரணப் பெண், ஜீனோ என்ற இயந்திர நாய். 1980களில் எழுதியது. பேசும் மென்பொருள்களோடு வளரும் இன்றைய பிள்ளைகளுக்கு ஜீனோ அந்நியமாகவே தோன்றாது. எங்கள் நூலகத்தில் அட்டை கிழிந்து மறுபடி மறுபடி ஒட்டிய புத்தகம் இதுதான். முடித்த கையோடு ‘மீண்டும் ஜீனோ’ இருக்கிறதா என்று கேட்டு வருவார்கள். தொடர்ச்சி உள்ள நாவலில் அந்த நன்மை உண்டு, அடுத்த புத்தகத்தை நீங்கள் தேட வேண்டியதில்லை.

காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் என்பதால் ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ நாவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்தது. இமயமலையில் பனிமனிதனைத் தேடிப் போகும் சாகசக் கதை. சிறுவர்களுக்கு எழுதியது என்று அவனிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அந்த வார்த்தையே போதும், தொட மாட்டான். அப்புறம், அவன் பழைய காமிக்ஸை மறுபடி எடுத்தால் தடுக்க வேண்டாம். பக்கம் புரட்டும் பழக்கம் எந்த வழியாகத் திரும்பினாலும் லாபம்தான்.

சரித்திரக் கதையில் அவனுக்கு இன்னும் ஆசை இருந்தால், அதே கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ கொடுங்கள். பொன்னியின் செல்வனோடு ஒப்பிட்டால் மிகச் சின்னது, பாத்திரங்களும் குறைவு. சோழ இளவரசன் விக்கிரமன் மேல் ஒரு கண், அவ்வப்போது வந்து போகும் சிவனடியார் யார் என்ற மர்மத்தின் மேல் ஒரு கண், இந்த இரண்டும் போதும் கதையோடு போக. இதை வாங்கவே வேண்டாம். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வைக்கும் மதுரைத் திட்டத்தின் (Project Madurai) தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் போனில் படித்தால் நடுவில் நோட்டிஃபிகேஷன் வந்து இழுத்துக்கொண்டு போகும். டேப்லெட்டில் இறக்கி, இணையத்தை அணைத்துக் கொடுங்கள்.

கிரிக்கெட் என்றதும் எனக்கு உடனே நினைவு வந்தது அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடித் திரியும் சந்திரசேகரன் என்ற இளைஞன் கண் முன்னால், 1947-48இல் நிஜாமின் ஹைதராபாத் கலங்குவதைச் சொல்லும் நாவல். ஒரு வரி கூட உரக்கப் பேசாது. எனக்கு மிகப் பிடித்த தமிழ் நாவல்களில் ஒன்று என்பதால்தான் இதை இப்போது கொடுக்க வேண்டாம் என்று சொல்கிறேன். கதை சம்பவத்துக்குச் சம்பவம் தாவாது, அவன் இப்போது தேடும் வேகம் இதில் கிடைக்காது. முடிவில் வரும் ஒரு காட்சியும் பெரியவர்களையே உலுக்கிவிடும். ப்ளஸ் ஒன் வரட்டும். அதற்குள் நீங்கள் படித்து வையுங்கள்.

பூமணியின் ‘வெக்கை’ அடுத்த ஆண்டுக்கு. 2019இல் வந்த ‘அசுரன்’ படத்துக்கு அடிப்படை இந்த 1982 நாவல்தான். அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கிவிட்டு, அப்பாவோடு காட்டுக்குள் தலைமறைவாகத் திரியும் பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம்தான் நாயகன். கிட்டத்தட்ட உங்கள் மகன் வயது. தொடக்கத்திலேயே ஓட்டம் ஆரம்பித்துவிடும். படத்தில் பார்த்ததற்கும் நாவலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே சில பையன்கள் படித்து முடித்தார்கள். ஒரே சிக்கல், கரிசல் வட்டாரப் பேச்சு. கொங்குப் பக்கத்துப் பிள்ளைக்குப் பல சொற்கள் புதிதாக இருக்கும். முதல் பத்துப் பக்கத்தை வீட்டில் யாராவது உரக்கப் படித்துக் காட்டினால் காது பழகிவிடும், பிறகு தடுமாற மாட்டான். பாடப் புத்தகத் தமிழுக்குப் பழகிய கண், பேச்சுத் தமிழைப் பார்த்ததும் மிரள்கிறது. சொல் தெரியாத குறையைவிட அந்த மிரட்சிதான் நிறையப் பிள்ளைகளை நிறுத்துகிறது.

தேர்வுக் காலத்தில் பெரிய நாவல் வேண்டாம். மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’ தமிழில் கிடைக்கிறது. சின்னப் புத்தகம். வீடு நிறைய ஆட்கள், சத்தம், சண்டை. எழுத்தாளரின் சொந்தப் புத்தகங்களையே அந்த ஆடு தின்றுவிடுகிறது. எந்தப் பக்கத்தில் நிறுத்தினாலும் மறுநாள் தொடரலாம். வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் நாவலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நாம் ஏனோ தயங்குகிறோம்.

விருது முத்திரையைப் பார்த்து வாங்குவதில் கொஞ்சம் கவனம் வேண்டும். சாகித்திய அகாதெமியின் முதன்மை விருது பெற்ற நாவல்கள் பெரும்பாலும் பெரியவர்களுக்கானவை. அதே அமைப்பு 2010 முதல் சிறார் எழுத்துக்குத் தனியாக பால சாகித்ய புரஸ்கார் தருகிறது. கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’ 2023இல் அந்த விருதைப் பெற்றது. உங்கள் மகனுக்கு அது சற்று எளிதாக இருக்கலாம். படிப்பு விட்டுப்போனவனுக்கு எளிய புத்தகம் ஒன்றை விரைவாக முடிப்பதும் நல்ல மருந்து. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் கட்டாயம் வாங்கலாம்.

எந்தப் புத்தகமானாலும் முப்பது பக்கம் படிக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் பிடிக்கவில்லை என்றால் மூடிவிடலாம், காரணம் சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். “என்ன புரிந்தது, சுருக்கமாகச் சொல்” என்ற கேள்வியை மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். அந்த நிமிடமே நாவல் பாடமாகிவிடும். அவனாகக் கதை சொல்ல வந்தால் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

இந்தச் சனிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கிளை நூலகத்துக்கோ மாவட்ட மைய நூலகத்துக்கோ போய் வாருங்கள். ‘என் இனிய இயந்திரா’, ‘கொலையுதிர் காலம்’, ‘பனிமனிதன்’ மூன்றையும் எடுத்துக் கையில் கொடுத்து, எதை முதலில் படிப்பது என்பதை அவனிடமே விட்டுவிடுங்கள். நீங்கள் உங்களுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு அரை மணி நேரம் உங்கள் போனும் சார்ஜரிலேயே இருக்கட்டும்.